சார் வீட்டுத் தங்கக்கட்டி

தங்கம் என்றாலே எனக்கு ஆகாது. நகைக்கடை வாசலில் நின்றுகொண்டு விலைப்பலகையை வாய் பிளந்து பார்க்கிற கூட்டத்தைக் கண்டால் எரிச்சல் வரும். “இன்னைக்கு ஏறிருச்சாம்”, “நேத்தே வாங்கியிருக்கலாம்லா” என்று கல்யாண மண்டபத்தில் பெண்கள் பேச ஆரம்பித்தால், எழுந்து வேறு வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வேன். திமிர் பிடித்தவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். தங்கம் தோண்டப் போன மனிதர் ஒருவர் என் வீட்டில் இருக்கிறார். தலையணைகளை அடுக்கி வைத்துச் சாய்ந்துகொண்டுதான் தூங்குகிறார். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். அவர் என் கணவர்.

நாங்கள் இரண்டு பேரும் மலாக்காவில் செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்ச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்குக் குத்தகை ஆட்களைக் கொண்டுவந்தார்கள். எங்கள் லயத்து வீடுகளின் ஆண்கள் ஆளுக்கொரு திசையில் வேலை தேடிப் போனார்கள். இவர் பகாங் பக்கம் ஒரு தங்கச் சுரங்கத்துக்குப் போனார். கல்லை உடைத்து மாவாக்குகிற மில்லில் வேலை. லீவு கிடைக்கும்போது பஸ் ஏறி வீட்டுக்கு வருவார். காது மடல், கண்ணிமை, நகக்கண் எல்லாம் சாம்பல் பூத்திருக்கும். எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் மறுநாள் தலையணை உறையில் சாம்பல் தெரியும். “ஒரு லோரி கல்ல அரைச்சா ஒரு மோதிரத்துக்குத் தேறும்லா” என்று பெருமையாகச் சொல்வார். மிச்சக் கல் எங்கே போகிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதில் கொஞ்சம் அவர் நெஞ்சுக்குள் போயிருக்கிறது என்று பின்னால் அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர்தான் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிச் சொன்னார்.

டாக்டர் சொன்னதைக் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. சிகரெட்டால் வந்தது என்றார்கள். என் கணவர் வாழ்க்கையில் ஒரு சிகரெட்டைக்கூடப் பற்ற வைத்ததில்லை. சாமிக்குச் சூடம் ஏற்றுவதோடு சரி. ஆனால் ஆபீஸில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, “மில்லில தூசி அளவெல்லாம் சரியாத்தான் இருக்குது. ரிப்போர்ட் நல்லா இருக்குது. வேலைக்கும் உங்கட நெஞ்சு வருத்தத்துக்கும் சம்பந்தமில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் போயிற்று. நோய்க்குக் கிடைக்க வேண்டிய உதவிப் பணம் போனது மட்டுமில்லை. ஊரில் பார்க்கிறவனெல்லாம் இவரைப் பார்த்து, “குடியா, சிகரெட்டா?” என்று கேட்கிற நிலைமை வந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்தவரை நாங்கள் சார் என்றுதான் சொல்வோம். யாழ்ப்பாணத்து வம்சம், மலாக்கா டவுனில் சொந்த வீடு. வேலைக்காக பகாங்கில் குவார்ட்டர்ஸில் இருந்தார். நல்லவர் என்று பெயர். எனக்கு ஆத்திரம் வருவதே அங்கேதான். கெட்டவராக இருந்திருந்தால் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன். தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது இவரையும் தன் காடியில் ஏற்றிக்கொண்டு வந்து சிம்பாங் அம்பாட்டில் எங்கள் தாமான் குடியிருப்பு வாசலிலேயே இறக்கிவிடுவார். அவர் மனைவி டீச்சர். என் மகளுக்கு ஆங்கிலம் வரவில்லை என்று கேள்விப்பட்டு, சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வரவழைத்துக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். மதியம் சோறும் போட்டு அனுப்புவார். இவர் நன்றிக்காகப் பலாப்பழமும் டுரியானும் சுமந்துகொண்டு போய் அவர்கள் வீட்டில் வைப்பார். இப்படிப்பட்ட மனுஷர்தான் மேசைக்குப் பின்னால் இருந்து அந்த வார்த்தையைச் சொன்னார். எனக்கு வேண்டியதெல்லாம் அவர் வாயால் ஒரே ஒரு வார்த்தை. வேலையால்தான் வந்தது என்று அவர் சொல்ல வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

அந்தச் சனிக்கிழமைகளில் மகள் ஆங்கிலத்தோடு வேறு ஒன்றையும் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். டீச்சரின் மகன் மருந்துக் கடையில் மருந்தாளராக இருக்கிறான். இவள் பல் கிளினிக்கில் வேலை. ஒருநாள் இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு வந்து நின்றார்கள். பையன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. என் கணவருக்கு மூச்சு வாங்கினால் மருந்தை எப்படி இழுக்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் காட்டிக் கொடுப்பான். அவன் அப்பாவை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிந்தது. “சாரோட சம்பந்தமா? நம்ம என்ன புண்ணியம் பண்ணோமோ” என்று இவர் கண் கலங்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

பெண் பார்க்க வந்த அன்றைக்குச் சார் ஒரு பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நீல வெல்வெட் பெட்டி. உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கட்டி, அதற்குள் கட்டைவிரல் நீளத்துக்குத் தங்கக்கட்டி ஒன்று பதிந்திருந்தது. மேலே கம்பெனி முத்திரை. சார் ஓய்வு பெறும்போது, அந்த வருஷம் முதலில் உருக்கிய தங்கத்திலிருந்து வார்த்தது என்று சொல்லி மேடையில் வைத்துக் கொடுத்தார்களாம். பிளாஸ்டிக்கின் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. சாமி அறையில் வைத்து விளக்கு ஏற்றுகிறார்களாம். கம்பெனி முத்திரைக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிற குடும்பத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“எங்கட வழக்கத்தில மாப்பிள்ளை வீட்டிலதான் பொன்னுருக்கு. நல்ல நேரம் பார்த்து, ஆசாரியைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால பொன்னை உருக்கித் தாலி செய்விக்கிறது. கடையில பொற்காசு வாங்கிறதுக்கு நான் விரும்பேல்லை. இதைத்தான் உருக்கப் போறம்,” என்றார் சார். பிறகு என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கள் அரைச்ச கல்லில இருந்து வந்ததாகவும் இருக்கலாம், பாருங்கோ. உங்கட உழைப்பு உங்கட மகளுக்கே வந்து சேருது,” என்றார். அவர் நடிக்கவில்லை. மனசாரத்தான் சொன்னார்.

நான் சும்மா இருப்பேனா? “உழைப்பால வந்த தங்கம்னு தெரியுது. உழைப்பால வந்த நோய்னு மட்டும் தெரியாதா சார்?” என்று கேட்டுவிட்டேன். டீச்சர் குனிந்து தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்தார். சார் மெதுவாக, “தங்கச்சி, அது ரிப்போர்ட்டில உள்ள விசயம். நான் என்ர இஷ்டத்துக்குச் சொல்லேல்லை,” என்றார். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் இன்னொரு வார்த்தை பேசினால் அவர் எழுந்து போய்விடுவார் என்பது தெரிந்தது. தட்டில் இருந்த பலகாரத்தை எல்லாருக்கும் நீட்டினேன்.

அவர்கள் போன பிறகு மகள் சண்டைக்கு வந்தாள். “அம்மா, தங்கம் என்ன பாவம் பண்ணுச்சு? அவங்க மரியாதையா கொண்டு வராங்க. நீ ஏன்மா மானத்த வாங்குற?”

“உங்கப்பா நெஞ்சுல கல்லு கிடக்குதுடி. அதே கல்லுல வந்தத நீ கழுத்துல போட்டுக்குவியா?”

“நீ போட்டிருக்கியே, அந்தத் தாலி எந்தக் கல்லுல வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமாம்மா? 916னு முத்திரை போட்டிருக்கும். எவன் தோண்டுனான், எவன் செத்தான்னு அதுல போட்டிருக்குமா?”

பதில் தெரியாதபோது எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வரும். “வாய மூடு” என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கேட்டது சரிதான் என்று அப்போதே தெரியும். கல்லைப் பொடியாக்கி, கழுவி, உருக்கி, கடைக்கு வந்து சேர்வதற்குள் தங்கத்துக்கு ஊரும் இல்லை, ஆளும் இல்லை. எல்லாம் ஒரே மஞ்சள். ஆனால் சார் கொண்டுவந்த கட்டிக்கு ஊர் உண்டு, ஆள் உண்டு. அந்த ஆள் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருமிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்லாமல், அதற்குப் பதிலாகத் தங்கத்தை நீட்டுகிறார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மகளிடம் அதை அன்றைக்கு எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

பொன்னுருக்கு அன்றைக்குக் காலையிலேயே மலாக்காவுக்குப் போனோம். அவர்கள் வழக்கப்படி பெண் வரக் கூடாது, அதனால் மகளை வீட்டில் விட்டுவிட்டு நானும் இவரும் சொந்தக்காரர்கள் சிலரும் பலகாரத் தட்டுகளோடு போனோம். “இன்னைக்கு மட்டும் வாயக் கட்டிக்கோ. எனக்காக” என்று காடியில் இவர் கெஞ்சினார். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன். நிறைகுடம், குத்துவிளக்கு, வெற்றிலை, தேங்காய் என்று கூடம் நிறைந்திருந்தது. டீச்சர் வாசலுக்கே வந்து, “பசியாறிட்டீங்களோ? வாங்கோ, முதல்ல இடியப்பம் சாப்பிடுங்கோ,” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

பிளாஸ்டிக் கட்டியைப் பின்கட்டில் வைத்துச் சுத்தியலால் உடைத்தார்கள். சாரே உடைத்தார். தங்கக்கட்டியைப் பாலில் கழுவி, தட்டில் வைத்து, ஆசாரி கையில் கொடுத்தார். ஆசாரி அதை வாங்கியவுடன் ஒரு கணம் நின்றார். உள்ளங்கையில் வைத்து லேசாக ஏற்றி இறக்கிப் பார்த்தார். சாரை ஒரு முறை பார்த்தார். பிறகு உட்கார்ந்து, மண் கிண்ணத்தில் அதை வைத்து, கேஸ் நெருப்பைப் பற்ற வைத்தார். அந்த ஆள் ஏன் தயங்கினார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. சுற்றி நின்றவர்கள் கைபேசியைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் மேல் மஞ்சள் கறுத்தது. அப்புறம் புகை வந்தது. கொஞ்சநஞ்சப் புகை இல்லை. வெள்ளை வெளேரென்று, பஞ்சு பறப்பது மாதிரி, கிண்ணத்திலிருந்து குபுகுபுவென்று கிளம்பிக் கூடம் முழுக்கப் பரவியது. தொண்டையைப் பிடித்தது. யாரோ ஜன்னலைத் திறக்க ஓடினார்கள். “என்னய்யா இது? பொன்னுக்குப் புகை வருமா?” என்று மாப்பிள்ளையின் மாமா அதட்டினார். ஆசாரி நெருப்பை அணைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். “இது பித்தளைங்க. மேல முலாம் பூசியிருக்கு. கையில வாங்குனப்பவே கனம் பத்தல. சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு…” என்று இழுத்தார்.

சார் முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை வருஷம் தங்கக் கம்பெனியில் வேலை பார்த்தவர், ஒரு தடவையாவது தங்கத்தைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. என் கணவரும் பார்த்ததில்லை. அவர் கல்லைப் பார்த்தார், சார் காகிதத்தைப் பார்த்தார். எனக்கு உள்ளே ஒரு குரூரமான சந்தோஷம் பொங்கியது. நன்றாக வேண்டும், சாமி அறையில் வைத்துக் கும்பிட்டீர்களே என்று நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், சிரிப்புக்கூட வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு என் வாயை விட்டு இறங்குவதற்குள் இவர் இரும ஆரம்பித்தார்.

புகை அவர் நெஞ்சுக்குள் போய்விட்டது. இரண்டு கையையும் முட்டியில் ஊன்றிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் வழிய, விடாமல் இருமினார். மாப்பிள்ளைப் பையன் சபையை விட்டு எழுந்து ஓடிவந்து இவரைத் தாங்கிப் பிடித்து வாசல் பக்கம் கொண்டுபோனான். மருந்தை வாயில் வைத்து இழுக்கச் சொன்னான். நான் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். உள்ளே முப்பது நாற்பது பேர் அந்த இருமலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. டீச்சர்தான் முதலில் அசைந்தார். கையில் இருந்த வளையலைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழற்றி ஆசாரியிடம் கொடுத்தார். “என்ர அம்மா போட்டு விட்டது. உரசிப் பாருங்கோ,” என்றார். ஆசாரி உரைகல்லில் உரசிப் பார்த்துத் தலையாட்டினார். இந்தத் தடவை புகை இல்லை. கிண்ணத்தில் பளபளவென்று ஒரு முத்து மாதிரி திரண்டு நின்றது. சாஸ்திரப்படி தட்டில் வைத்து ஆளாளுக்குக் காட்டினார்கள். எங்கள் முன்னால் தட்டு வந்தபோது நானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எந்தச் சுரங்கமோ, எவன் தோண்டியதோ என்று மனசு கேட்டது. டீச்சரின் வெறும் கையைப் பார்த்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் நாற்காலி போட்டு இவரை உட்கார வைத்திருந்தேன். சார் வந்து எதிரில் நின்றார். சட்டையில் சந்தனம் அப்பியிருந்தது. கையில் அந்தக் கருகிய பித்தளையை இன்னும் வைத்திருந்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்ல, எங்களிடமா தனக்குத் தானேவா என்று தெரியாமல், “இதைத் தந்தவங்கள்தான் தூசி ரிப்போர்ட்டும் தந்தவங்கள்,” என்றார்.

எனக்குச் சுரீரென்று ஏறியது. இவருக்குக் கொடுத்த வாக்கெல்லாம் காற்றில் போயிற்று. “என் புருஷன் இத்தனை வருஷமா இருமுறாரு. அதப் பாத்து உங்களுக்குச் சந்தேகம் வரல. பித்தளை பொகைஞ்சதும் வந்துருச்சா? என் புருஷன் நெஞ்ச விட அந்தக் கட்டி உசத்தியாப் போச்சா?” என்று கத்தினேன். உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் கத்தினேன்.

இவர் கையைத் தூக்கினார். வழக்கம்போல என்னை அடக்கப் போகிறார் என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்து, நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஆனால் என்னிடம் இல்லை.

“சார், நீங்க மில்லு பக்கம் ஒரு நாளாச்சும் வந்திருந்தா, உங்களுக்கு ரிப்போர்ட்டே வேண்டியிருக்காது சார்.”

இத்தனை வருஷக் குடித்தனத்தில் இவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதையும் மரியாதையாக, இரண்டு தடவை சார் போட்டுச் சொன்னார். சார் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். “இப்ப நான் என்ன செய்ய வேணும், சொல்லுங்கோ,” என்றார்.

“என்கூட அந்த மில்லுல நின்னவங்க இன்னும் இருக்காங்க சார். அவங்களும் இருமிக்கிட்டுத்தான் இருக்காங்க. வேலையாலதான் வந்துச்சுன்னு நீங்க வந்து சொன்னா, கேக்க வேண்டியவங்க கேப்பாங்க.”

சார் கம்பெனி தருகிற ஓய்வூதியத்தை நினைத்தாரோ, மறுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்ட கையை நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் எனக்கு விருப்பமில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

கல்யாணம் முடிந்துவிட்டது. மகள் கழுத்தில் டீச்சரின் வளையல் தாலியாகத் தொங்குகிறது. நன்றாக இருக்கிறாள், அதில் எனக்குக் குறை இல்லை. இவர் முன்னைவிட மெலிந்துவிட்டார். குளியலறைக்குப் போய் வருவதற்குள் வழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுந்துதான் வருகிறார். சார் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். தீபாவளி, பொங்கல், இவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிற நாட்கள் என்று விடாமல் அவர்கள் வீட்டிலிருந்து மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரம் ஒன்று வரும். பலகாரம் இருக்கும், பழம் இருக்கும். ஒரு தடவை இவருக்கென்று நாட்டுக்கோழி ரசம்கூட வந்தது.

எங்களில் யாரும் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டோம். ஒரு பிடி சர்க்கரையாவது, ஒரு வாழைப்பழமாவது போட்டுத்தான் கொடுப்போம். நான் பலகாரத்தை எடுத்து இவருக்கு ஊட்டிவிட்டு, பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, மூடியை அழுத்தி மூடி, வெறுமனேதான் அனுப்புகிறேன். மகளுக்கு முகம் சுண்டிப் போகிறது. இவர் பார்த்தும் பார்க்காததுபோலத் திரும்பிக்கொள்கிறார். போன வாரம் பாத்திரத்தை வாங்க வந்தது சாரே. கையில் வாங்கியவுடன் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க வாயத் தொறக்கற வரைக்கும் இப்படித்தான் வரும் சார்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். உள்ளே இவர் இருமுவது வாசல்வரை கேட்டிருக்கும்.